ஞானரட்ணத்தின் போர்க்கால அமைச்சரவை

நோர்வேயின் குரோருட்டில் ஓர் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் தமிழ்ச் சங்கத்தின் மண்டபம் இருக்கிறது. போன வருடம் தை மாதம் கட்டட உரிமையாளரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒப்பந்தம் முடிந்ததும் காலி செய்ய வேண்டும், அங்கே சாமான் வைக்கும் வாடகை அறைகள் வரப்போகின்றன என்றது கடிதம். அதைப் படித்த சங்கத் தலைவர் ஞானரட்ணத்துக்குக் கவலையைவிட நிம்மதிதான் அதிகம். பங்குனியில் சங்கத் தேர்தல் இருந்தது. அதில் அவர் தோற்றுவிடுவார் என்று மனைவி றோஸ் உட்பட எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

ஞானரட்ணம் தபால் பிரிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பிரித்தானியாவைப் பற்றிப் படிப்பதுதான் பொழுதுபோக்கு. மாதத்தின் முதல் ஞாயிறு மண்டபத்தில் அதைப் பற்றி ஓர் உரையும் ஆற்றுவார். ஆகவே என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது.

"வீடு பத்தி எரியேக்கை தேர்தல் வைக்கிறதோ?" என்று நிர்வாகக் கூட்டத்தில் மேசையைத் தட்டினார்.

"பத்துறது மண்டபம், அண்ணை. அதுவும் இன்னும் பத்தேல்லை" என்றார் அனஸ்ரேசியா. முதியோர் இல்லமொன்றில் வேலை செய்பவர். தேர்தலில் ஞானரட்ணத்தை எதிர்த்து நிற்கவிருந்தவரும் அவர்தான்.

"நீங்களும் உள்ளுக்கு வாங்கோ. கூட்டு நிர்வாகம். சண்டை முடியுமட்டும் தேர்தல் வேண்டாம். கடிதம், வக்கீல், பத்திரிகை எல்லாம் நான் பாக்கிறன். மிச்சத்தை நீங்கள் பாருங்கோ."

"மிச்சம் எண்டால்?"

"சின்னச் சின்ன அலுவல்தான். குசினி, பிள்ளையளின்ரை வீட்டுப்பாடம், வயசானாக்களைக் காரிலை ஏத்தி இறக்கிறது, டுக்னாட் பட்டியல்."

டுக்னாட் என்பது எல்லோரும் கூடிச் சம்பளமில்லாமல் செய்யும் நோர்வேச் சிரமதானம். பட்டியல் யாரிடம் இருக்கிறதோ அவருக்கு ஊரில் எல்லோருடைய தொலைபேசி எண்ணும் தெரியும். அனஸ்ரேசியா சிறிது யோசித்துவிட்டு, "ஓம்" என்றார்.

ஞானரட்ணம் இதைத் தானாக யோசித்துப் பிடிக்கவில்லை. 1940இல் சேர்ச்சில் பிரதமரானபோது, எதிர்த்தரப்பான தொழிற்கட்சியையும் அமைச்சரவைக்குள் சேர்த்துக்கொண்டார். பொதுத் தேர்தலைத் தள்ளிப்போட்டார்கள். 1935இல் தெரிவான நாடாளுமன்றம் பத்து வருடம் இருந்தது. படைகளையும் போர் வரைபடங்களையும் பிரதமர் பார்த்துக்கொண்டார். தொழிலாளர் விவகாரம், உள்நாட்டு அலுவல் போன்ற புகழ் குறைந்த வேலைகள் தொழிற்கட்சிக்காரரிடம் போயின. ஞானரட்ணத்துக்கு இந்த ஏற்பாட்டில் மிகவும் பிடித்தது அந்தக் கடைசிப் பகுதிதான்.

"உங்களுக்குக் கடுதாசி, அவவுக்கு ஆக்கள். நல்லாத்தான் பிரிச்சிருக்கிறியள்" என்றார் றோஸ், வீட்டுக்குப் போகும் வழியில்.

"உனக்கு அரசியல் விளங்காது, றோஸ்."

போர் தொடங்கியது. ஞானரட்ணம் கடிதம் எழுதினார். பதிலுக்குக் காத்திருந்தார். பதிலுக்குப் பதில் எழுதினார். உரிமையாளரின் வக்கீல் கோடை விடுமுறைக்குப் போனதை எதிரியின் பின்வாங்கல் என்று சங்கத்துக்கு அறிவித்தார்.

அனஸ்ரேசியா சங்கத்துச் சமையலறையான குசினிக்குள் போனார். அவருடைய முதல் ஆணை, கூட்டத்தில் கொடுக்கும் பொரித்த ரோல்ஸ் ஆளுக்கு இரண்டு என்பது. அதுவரை தட்டு முன்வரிசையில்தான் தொடங்கும். அங்கே நிர்வாகத்தினர் இருப்பார்கள். பின்வரிசைக்கு வந்து சேரும்போது தட்டில் எண்ணெய் மட்டும் மினுங்கும். பின்வரிசையில் இருந்தவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்கள்.

"மூணு வருஷமா வர்றேன். இதுக்குள்ள என்ன இருக்குன்னு இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றாள் சுபத்ரா, கோயம்புத்தூரிலிருந்து வந்த ஆராய்ச்சியாளர். கேட்டவர்கள் சிரித்தார்கள். முன்வரிசை மட்டும் சிரிக்கவில்லை.

பிரித்தானியாவிலும் பங்கீட்டு அட்டை இதே வேலையைத்தான் செய்தது. சீமாட்டிக்கும் சலவைத் தொழிலாளிக்கும் ஒரே அளவு வெண்ணெய், ஒரே அளவு சீனி. சில ஏழை வீடுகளில் போருக்கு முன்னைவிட நல்ல சாப்பாடு கிடைத்தது. அப்போது ஆட்களுக்கு ஒரு கேள்வி எழுந்தது: குண்டு விழும்போது அரசாங்கத்தால் இதைச் செய்ய முடிந்தால், விழாதபோது ஏன் முடியாது? 1942இல் நோய்க்கும் முதுமைக்கும் வேலையின்மைக்கும் காப்புறுதி வேண்டும் என்று ஓர் அரசாங்க அறிக்கை வந்தது. சனம் வரிசையில் நின்று அதை வாங்கியது. அரசாங்க அறிக்கைக்குச் சனம் வரிசையில் நின்றால் நாடு மாறிவிட்டது என்று அர்த்தம்.

மண்டபம் எத்தனை பேருக்குத் தேவை என்று காட்ட ஞானரட்ணத்துக்கு உறுப்பினர்கள் வேண்டியிருந்தது. தமிழ்நாட்டுக்காரர் அதுவரை வாக்கில்லாத இணை உறுப்பினர்கள். அவர்கள் எல்லோரையும் முழு உறுப்பினராக்கினார். முதல் உலகப் போர் முடியும் வருடத்தில் பிரித்தானியா முப்பது வயது தாண்டிய பெண்களில் பெரும்பாலானோருக்கு வாக்குக் கொடுத்ததை உரையில் பெருமையோடு எடுத்துக் காட்டினார். கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்க முடியாது என்பதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

பதினான்கு மாதம் கழித்து உரிமையாளர் களைத்துப்போய், பத்து வருட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அது ஞானரட்ணத்தின் உண்மையான வெற்றி. அவருடைய பிடிவாதம் இல்லாவிட்டால் மண்டபம் போயிருக்கும். வெற்றியின் சூடு ஆறுமுன் தேர்தல் வைத்துவிட வேண்டும் என்று மூன்று வாரத்தில் திகதி குறித்தார். அந்த ஞாயிறு உரையை 1945 மே மாத வெற்றிக் கொண்டாட்டத்தோடு முடித்தார்.

"அப்புறம் என்ன ஆச்சு, சார்?" என்று கேட்டாள் சுபத்ரா.

"பிறகென்ன, பிள்ளை? சண்டையை வெண்டாச்சு."

உண்மையில் அதற்குப் பிறகும் நடந்தது. அதே வருடம் யூலையில் தேர்தல் வந்தது, சேர்ச்சிலின் கட்சி படுதோல்வி அடைந்தது. ஞானரட்ணமும் அதைப் படித்திருந்தார். ஆங்கிலேயரின் நன்றிகெட்ட குணம் என்று அதை ஒதுக்கிவிட்டிருந்தார். தமிழர் அப்படிச் செய்யமாட்டார்கள் என்று உறுதியாக நம்பினார்.

தமிழர் அப்படியே செய்தார்கள். அனஸ்ரேசியாவுக்கு நூற்று முப்பத்தொன்று, ஞானரட்ணத்துக்கு ஐம்பத்திரண்டு.

அவர் எழுந்து கை தட்டினார். எவ்வளவு நேரம் தட்ட வேண்டும் என்று தெரியாமல் எல்லோரும் நிறுத்திய பிறகும் தட்டினார். பிறகு வாசலில், எண்பது வயது மேரியம்மாவை மறித்தார்.

"அக்கா, நீங்களுமோ?"

"நீ நல்லாச் சண்டை பிடிச்சனீ, தம்பி. கையெடுத்துக் கும்பிடலாம்" என்றார் மேரியம்மா. "ஆனால் இனி ஆரோடை சண்டை?"

ஞானரட்ணம் வழிவிட்டு ஒதுங்கினார்.

புதிய நிர்வாகம் அவருக்குக் கௌரவப் போஷகர் என்ற அதிகாரமில்லாத பதவியும் சுவரில் ஒரு படமும் தருவதாகச் சொன்னது. சுவரில் படம் தொங்கியவர்கள் எவரும் மறுபடி தேர்தலில் வென்றதில்லை என்பது அவருக்குத் தெரியும். பிரித்தானியாவில் தோற்ற கட்சி, வென்றவர்கள் தொடங்கிய இலவச மருத்துவத்தை ஒழிக்கப் போவதில்லை என்று சொல்லித்தான் ஆறு வருடத்தில் திரும்பி வந்தது. அந்தப் பக்கங்களை ஞானரட்ணம் இரண்டு நாள் உட்கார்ந்து படித்தார். மூன்றாம் நாள் அனஸ்ரேசியாவை அழைத்தார்.

"படம் வேண்டாம், தங்கச்சி. வயசானாக்களை ஏத்தி இறக்கிற பட்டியலிலை என்ரை பேரைப் போடுங்கோ."

"வியாழன் காலமை ஏழரைக்கு மேரியம்மாவைக் கண் டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போகவேணும். எழும்புவியளோ, அண்ணை?"

ஏழே காலுக்கே போய் நின்றார். கார்க் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டினார், கதவைத் திறந்து பிடித்தார், பின் இருக்கைக்குத் தலையணையும் வைத்தார். திரும்பி வரும் வழியில் சிவப்பு விளக்கில் நிறுத்தியபோது மெல்லக் கேட்டார்.

"இப்ப கண் தெளிவாத் தெரியுதோ, அக்கா?"

"ஓம், தம்பி. நல்லாத் தெரியுது."

"சின்ன எழுத்து? வாக்குச் சீட்டிலை பேர் வாசிக்கிற அளவுக்கு?"

மேரியம்மா முன்கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார்.

"பச்சை விழுந்து எவ்வளவு நேரம்? காரை எடு."