மாத்திரை இல்லாத அக்கா

ஓட்டுநர் பள்ளியில் அவளை எல்லோரும் ‘பிரேக் டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பழகும் வண்டியில் பயிற்சியாளர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். அவள் வலது கால் எப்போதும் அதன்மேல் தயாராக இருக்கும். இத்தனை வருடங்களில் தன் வண்டியில் ஒரு கீறல்கூட விழ விட்டதில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

சர்க்கரை அவர்கள் குடும்பத்தில் வழிவழியாக வருகிற வியாதி. அக்காவுக்கு முதலில் வந்தது, அடுத்து இவளுக்கு. “எதுலயும் நீ என் பின்னாடியேதான் வருவ” என்று அக்கா கேலி செய்தாள். அது உண்மையும்கூட. படித்த பள்ளியிலிருந்து முடியை வெட்டிக்கொண்டது வரை இவள் அக்கா போன வழியிலேயே போனவள். அம்மா சொன்னால் ஆயிரம் கேள்வி கேட்பாள். அக்கா சொன்னால் தலையாட்டிவிடுவாள்.

அக்கா அழகு நிலையம் நடத்துகிறாள். நாற்காலி மூன்று, ஓய்வில்லாத வாய் ஒன்று என்று அவளே சொல்லிக்கொள்வாள். போன வருடம் திடீரென்று மெலிய ஆரம்பித்தாள். கன்னம் இறங்கியது, இடுப்பு தெரிந்தது, படியேறும்போது மூச்சு வாங்குவது நின்றது. வாடிக்கையாளர்கள் விடவில்லை. “என்ன மாயம் பண்ணினீங்க?”

“ஒரு மாயமும் இல்ல. ஃபாஸ்டிங். மதியம்தான் முதல் சாப்பாடு, பொழுது சாயறதுக்குள்ள கடைசி சாப்பாடு. நடுவுல வெறும் தண்ணி. சுகர் ஓடியே போச்சு. இன்னிக்கு நான் ஒரு மாத்திரைகூட போடறதில்ல, தெரியுமா?”

கண்ணாடி முன்னால் தலையில் சாயத்தோடு உட்கார்ந்திருந்த பெண்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். ஒருநாள் புருவம் திருத்த வந்திருந்த பிரேக் டீச்சரும் கேட்டாள். மறுநாளே காலைச் சாப்பாட்டை நிறுத்தினாள்.

முதல் வாரம் நன்றாகத்தான் போனது. பிறகு சில காலைகளில் கை நடுங்கியது. உள்ளங்கை வியர்த்தது. எதிரே வருகிற பேருந்து இரண்டாகத் தெரிந்தது. காலை மாத்திரையை அவள் வழக்கம்போல் போட்டுக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் இறங்கட்டும், அப்புறம் அக்காவைப் போல நாமும் விட்டுவிடலாம் என்பது அவள் கணக்கு.

ஒரு காலை வண்டியை ஓரங்கட்டிவிட்டு அக்காவுக்குப் போன் செய்தாள்.

“அக்கா, உடம்பெல்லாம் ஒரு மாதிரி உதறுது. ஒரு வாய் ஏதாவது சாப்பிட்டுடட்டுமா?”

மறுமுனையில் முடி உலர்த்தும் கருவியின் இரைச்சல் கேட்டது. பிறகு அது நின்றது.

“ஆரம்பத்துல எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்டி. உடம்பு பழகணும்ல. பல்லைக் கடிச்சிட்டு மதியம் வரைக்கும் ஓட்டிடு. நான் ஓட்டலையா?”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஒரு பல் டாக்டர் அம்மாவுக்கு வகுப்பு. அடுத்தவர் வாயில் துளையிடுகிற கைக்கு ஸ்டியரிங் பிடிக்க மட்டும் பயம். ரவுண்டானாவைப் பார்த்தாலே கண்ணை மூடிக்கொள்வாள். அன்று ரவுண்டானாவைச் சுற்றி வெளியே வரும்போது பதற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டாள்.

“டீச்சர்! பிரேக்! பிரேக்!”

பிரேக் டீச்சருக்கு அந்தச் சத்தம் எங்கோ கிணற்றுக்குள் கேட்டது. கால் பிரேக்கின் மேல்தான் இருந்தது. மிதிக்க வேண்டும் என்றும் தெரிந்தது. கால்தான் அவள் சொன்னதைக் கேட்கவில்லை. வண்டி நடைபாதையில் ஏறி, பேருந்து நிறுத்தத்துப் பலகையை இடித்து நின்றது. அங்கே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர் எகிறிக் குதித்துத் தப்பினார். அவருடைய ஒரு செருப்பு முன்சக்கரத்தின் அடியில் நசுங்கிக் கிடந்தது.

பல் டாக்டர் அம்மா முதலில் அழுதாள். அடுத்த நொடி பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். டீச்சரின் முகம் வியர்வையில் குளித்திருந்தது, வாய் குழறியது. “சுகரா உங்களுக்கு?” என்று கேட்டவள் பதிலுக்குக் காத்திருக்காமல் எதிர்க்கடைக்கு ஓடிப் பழச்சாறு வாங்கி வந்து வாயில் ஊற்றினாள். அவளே ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

பிரேக் டீச்சர் வழக்கமாகப் போவது வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள சின்ன கிளினிக். இந்த ஆஸ்பத்திரிக்கு வருவது இதுதான் முதல் தடவை. சர்க்கரை டாக்டர் அவள் போடும் மாத்திரையின் பேரைக் கேட்டதும் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

“இந்த மாத்திரை, நீங்க சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும், சர்க்கரையை இறக்கிட்டே இருக்கும்மா. இதைப் போட்டுக்கிட்டு பாதி நாள் பட்டினி கிடந்தா மயக்கம் வராம என்ன வரும்? யாரைக் கேட்டு ஆரம்பிச்சீங்க?”

அவள் சொல்ல வாயெடுத்தபோது கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா வந்தாள். விரல்களில் முடிச்சாயம் இன்னும் காயவில்லை. தங்கையைப் பார்த்துக் கண் கலங்கினாள். அடுத்து டாக்டரைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

“அட, நீங்களா? இவங்க உங்க தங்கச்சியா?” டாக்டர் உரிமையோடு கடிந்துகொண்டார். “உங்களுக்கு ஃபாஸ்டிங் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே இதே மாத்திரையைத்தானே நிறுத்தினேன்? படிச்சுப் படிச்சு சொன்னேனே, இதோட பட்டினி கிடந்தா ஆபத்து, வாராவாரம் போடற ஊசியே சுகரையும் எடையையும் குறைச்சிடும், அது போதும்னு. கூடப் பிறந்தவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

சொன்ன பிறகுதான், சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. “நான் அப்புறம் வரேன்” என்று வெளியே போய்விட்டார்.

அக்கா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“மாத்திரை இல்லைன்னுதானேடி சொன்னேன். அதுல பொய் எங்க இருக்கு?”

பிரேக் டீச்சர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“ஊசின்னு சொன்னா, ‘ப்பூ, ஊசியாலதான் இளைச்சியா’ன்னு கேப்பாங்க. ஆசைப்பட்டதை எல்லாம் விட்டு நான் பட்டினி கிடந்தது ஒருத்தி கண்ணுக்கும் தெரியாது. வாழ்க்கையில முதல் தடவையா என்னை நாலு பேர் ஆச்சரியமா பாத்தாங்க. அதை விட மனசு வரல.”

“அது போகட்டும்க்கா. ஊர்கிட்ட நீ என்ன வேணா சொல்லிக்கோ.” தங்கையின் குரல் உயரவில்லை. “நான் போன் பண்ணினேனே. உதறுதுன்னு சொன்னேனே. அது என்னன்னு உனக்குத் தெரியும்ல?”

அக்கா விரலில் இருந்த சாயத்தைச் சுரண்டினாள்.

“தெரியும்.”

“அப்புறம் ஏன்க்கா சாப்பிடுன்னு சொல்லல?”

“சொன்னா, ஏன்னு கேப்ப. மாத்திரையைப் பத்திப் பேச்சு வரும். கடைசில ஊசியில வந்து நிக்கும்.” அக்கா அழத் தொடங்கினாள். “இவ்வளவு தூரம் போகும்னு நினைக்கலடி.”

தங்கைக்கு அழுகை வரவில்லை. அக்கா கையைப் பிடிக்க வந்தபோது போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“உன் கடைக்கு வர்றவங்க எத்தனை பேர் உன்னைப் பாத்து ஆரம்பிச்சிருக்காங்களோ. அவங்ககிட்டயாவது உண்மையைச் சொல்லிடு. மருந்து போடறவங்க டாக்டரைக் கேக்காம பண்ணாதீங்கன்னு சொல்லு.”

“சொல்றேன். சத்தியமா சொல்றேன்.”

டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். கொஞ்ச நாள் வண்டியைத் தொடக் கூடாது என்றார். ஃபாஸ்டிங்கை விடச் சொல்லவில்லை. தன் கண்காணிப்பில் மெல்ல மெல்லத் தொடரலாம் என்றார். அவளுக்குச் சர்க்கரை உண்மையிலேயே கட்டுக்குள் வரத் தொடங்கியது. அதை யாரிடமாவது சொல்லிச் சந்தோஷப்பட வேண்டும் போல் இருந்தபோது முதலில் நினைவுக்கு வந்தது அக்கா முகம்தான். அதற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்து போன் எடுத்துக்கொண்டிருந்த நாட்களில், புதிதாகச் சேர வந்த ஒரு பெண் பேச்சுவாக்கில் சொன்னாள்: “எனக்கும் சுகர் இருந்துச்சு மேடம். இப்ப ஃபாஸ்டிங். மாத்திரையைத் தூக்கி எறிஞ்சுட்டேன். நம்ம பார்லர் அக்கா இருக்காங்களே, அவங்க சொல்லித்தான். போன சனிக்கிழமைகூட எவ்வளவு தைரியம் சொன்னாங்க தெரியுமா?”

போன சனிக்கிழமை என்றால், அக்கா சத்தியம் செய்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

பிரேக் டீச்சர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அழகு நிலையத்தில் மூன்று நாற்காலிகளும் நிறைந்திருந்தன. அக்கா ஒரு பெண்ணின் தலையில் சாயம் தடவிக்கொண்டிருந்தாள். தங்கையைக் கண்டதும் முகம் மலர்ந்தது. “வாடி, வா! இப்பதான் வழி தெரிஞ்சுதா?”

அவள் உட்காரவில்லை. கண்ணாடியில் தெரிந்த முகங்களைப் பார்த்துப் பேசினாள்.

“இவங்க என் அக்கா. வாராவாரம் சுகருக்கு ஊசி போட்டுக்கறாங்க. அதுல தப்பே இல்ல, டாக்டர் கொடுத்தது. நான் அது தெரியாம மாத்திரையும் போட்டுக்கிட்டுப் பட்டினியும் கிடந்து, ஒரு மனுஷன் மேல வண்டியை ஏத்த இருந்தேன். நீங்க யாராவது மருந்தை நிறுத்தியிருந்தீங்கன்னா, இன்னிக்கே டாக்டரைப் போய்ப் பாருங்க. இதைச் சொல்லத்தான் வந்தேன்.”

ஒரு பெண் “ஊசியா?” என்று மெதுவாகக் கேட்டாள். அக்கா பிரஷைக் கீழே வைக்காமல், பாதியில் நின்ற சாயத்தைக் கடைசி முடி வரை தடவி முடித்தாள். கை மட்டும் நிதானமாக இருந்தது.

சாயங்காலம் போன் வந்தது.

“என் கடையில, என் வாடிக்கையாளர் முன்னாடி என்னை நிக்க வெச்சுட்ட. கூடப் பிறந்தவ செய்யற காரியமாடி இது? நீ எனக்கு இப்படித் துரோகம் பண்ணுவன்னு நான் கனவுலகூட நினைக்கல.”

தங்கைக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. துரோகம் என்ற அந்த வார்த்தையைத்தான் அவள் ஒரு மாதமாகத் தொண்டையில் அடக்கி வைத்திருந்தாள். அக்கா அதை முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள்.

“அக்கா, சாப்பிட்டியா?” என்று மட்டும் கேட்டாள்.

மறுமுனையில் அழைப்பு துண்டிக்கப்பட்டது. அவள் போனை வைத்துவிட்டு, சமையலறைக்குப் போய்த் தனக்குத் தட்டை எடுத்து வைத்தாள்.