துடைத்த கண்ணாடி

காலையிலிருந்து ஒன்பது முறை சுட்டுவிட்டேன். ஒன்பதும் கோணல். வந்த எரிச்சலில், மின்னழுத்தத்தை நொடியில் பாய்ச்சும் பல்ஸ் பெட்டியை ஓர் உதை விடலாம் போலிருந்தது.

விஷயம் சின்னதுதான். கண்ணிமைப்பதில் லட்சத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு ஊசி முனையில் உயர் மின்னழுத்தம் கொடுத்தால், கண்ணாடித் தகட்டின் மேல் ஊதா நிறத்தில் மெல்லிய ஒளியிழை ஓடும். ஓடிய தடத்தில் மின்னூட்டம் ஒட்டிக்கொள்ளும். அடுத்த இழை அதைக் கண்டு விலகிப் போகும். ஆகவே, பழைய மின்னூட்டத்தை ஒழித்து ஒழித்து, பத்து இழைகளை ஒரே நேர்கோட்டில் ஓட்டிக் காட்ட வேண்டும். இன்று மதியத்துக்குள் காட்டாவிட்டால் கருவி அடுத்த குழுவுக்குப் போய்விடும். என் நாலு வருட ஆய்வு அம்போ.

நானும் ஒவ்வொரு தரமும் ஸ்பிரிட் தொட்டு, காய்ந்த துணியால் பளபளவென்று தேய்த்துத்தான் வைக்கிறேன். "வீட்டுல ஒரு டம்ளர் கழுவ மாட்ட. அங்க நாள் பூரா கண்ணாடி தொடைக்கிற" என்று காலையில்கூட என் கணவர் கிண்டலடித்தார். அவருக்கென்ன, வாய் இருக்கிறது.

என் சந்தேகமெல்லாம் ஆய்வகத்து டெக்னீஷியன் மேல்தான். கையுறை இல்லாமல் தொடுகிறாள், ரேகை படிகிறது என்று மூன்று மாதத்துக்கு முன்பே பேராசிரியருக்கு எழுதிக் கொடுத்து, அவளை மேசைப் பக்கமே வரவிடாமல் செய்தேன். அப்போதும் கோணல் நிமிரவில்லை. அவள் கைபட்ட தோஷம் என்று வேறு சொல்லித் திரிந்தேன்.

பன்னிரண்டு மணிக்குப் பேராசிரியர் வந்தார். பத்தாவது முறையும் இழை இடப்பக்கம் வளைந்தது. "போதும்மா, கழட்டச் சொல்லிடு" என்று போய்விட்டார்.

டெக்னீஷியன் ஸ்பானரோடு வந்தாள். பழக்க தோஷம், நான் தகட்டை இன்னொரு தரம் தேய்த்துவிட்டுத் துணியை வீசினேன். அதிலிருந்து பிரிந்த நூலொன்று தாவிப்போய்த் தகட்டில் ஒட்டியது.

"பாத்தீங்களா மேடம், தேச்சாலே ஒட்டுது. சீப்பத் தலையில தேச்சு காகிதத்த இழுப்போமே, அந்த மாதிரி."

அடப்பாவி, மின்னூட்டத்தை ஏற்றியதே நான்தானா?

"ஒரே ஒரு தரம்" என்று கெஞ்சினேன். தகட்டை ஸ்பிரிட்டில் அலசி, துணி படாமல் உலர விட்டோம். சுட்டேன். இழை நூல் பிடித்தது போல நேராக ஓடியது. இன்னும் ஒன்பது வேண்டும். வாசலில் அடுத்த குழுவின் தள்ளுவண்டி வந்து நின்றது.

"இது உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"மூணு மாசமா. அந்த மூலையிலேருந்து பாத்துட்டுதானே இருந்தேன்."

"வாயத் தொறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல!"

அவள் முதல் திருகாணியைக் கழற்றினாள். "மேச கிட்ட வரக்கூடாதுன்னு நீங்கதானே மேடம் எழுதிக் குடுத்தீங்க."