வருத்தம் சாரின் இங்கிலீஷ்

பல்கலைக்கழகத்தில் இங்கிலீஷ் படிக்கப் போகிறேன் என்று அவர் சொன்ன நாளில் உறவுக்கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. டாக்டருக்குப் படித்தால் ஊசி போடலாம், வக்கீலுக்குப் படித்தால் வாதாடலாம், இங்கிலீஷ் படித்து என்ன கிழிக்கப் போகிறாய் என்று சித்தப்பா ஒருவர் நேராகவே கேட்டார். அக்கா மட்டும்தான் அவர் பக்கம் நின்றாள். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். "அவனுக்குப் பிடிச்சதை அவன் படிக்கிறான், உங்களுக்கு எங்க வலிக்குது?" என்று ஒரே போடாகப் போட்டாள். படிப்பு முடிந்த கையோடு ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்ததும் சித்தப்பாவின் வாய் அடைபட்டது.

வேலை இதுதான். ஆஸ்பத்திரி மேல் யாராவது புகார் கொடுத்தால் நிர்வாகியின் பெயரில் அதற்குப் பதில் எழுத வேண்டும். பதில் இங்கிலீஷில்தான் போகும். தமிழில் எழுதினால் ஆள் சண்டைக்கு வருவான், இங்கிலீஷில் எழுதினால் மடித்து பீரோவில் வைத்துக்கொள்வான் என்பது நிர்வாகியின் கண்டுபிடிப்பு. ஒவ்வொரு பதிலும் வருத்தத்தில் தொடங்கி வருத்தத்தில் முடியும். நடுவில் யாரும் எந்தத் தப்பும் செய்திருக்க மாட்டார்கள். மருந்து தானாக மாறியிருக்கும், ரிப்போர்ட் தானாகத் தொலைந்திருக்கும், ஆஸ்பத்திரி ஓரமாக நின்று கண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும். அந்த வித்தையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. வார்டு நர்ஸிலிருந்து கேன்டீன்காரர் வரை எல்லோரும் அவரை 'வருத்தம் சார்' என்றே கூப்பிட்டார்கள். அவரும் அதில் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது அங்கேயேதான் சேர்த்தார்கள். மகன் வேலை பார்க்கிற இடம், தாங்கு தாங்கு என்று தாங்குவார்கள் என்ற நம்பிக்கை. ஒரு மத்தியானம், நர்ஸுகள் டியூட்டி மாறுகிற நேரம், பாத்ரூம் போவதற்காக அம்மா கட்டில் பக்கத்து மணியை அழுத்தினாள். யாரும் வரவில்லை. மறுபடியும் அழுத்தினாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தானே எழுந்து நடந்தாள், விழுந்தாள், இடுப்பெலும்பு முறிந்தது என்று பக்கத்துக் கட்டில்காரி சொன்னாள். அதற்குப் பிறகு அம்மா வீடு திரும்பவில்லை. அவள் மணியை அழுத்திக்கொண்டிருந்த நேரத்தில் மகன் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து, வேறு யாருடைய அம்மாவுக்காகவோ வருத்தம் தெரிவித்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்த பிறகு அக்கா ஆஸ்பத்திரிக்குப் போய்ப் புகார் கொடுத்தாள். நஷ்டஈடு என்ற பேச்சையே அவள் எடுக்கவில்லை. "தப்பு எங்க மேலதான்னு யாராவது ஒருத்தர் சொல்லட்டும். எனக்கு அது போதும்" என்றாள். அந்தப் புகார் அங்கே சுற்றி இங்கே சுற்றி வருத்தம் சாரின் மேஜைக்கே வந்து சேர்ந்தது. இது என் அம்மா, என்னால் முடியாது, வேறு ஆளிடம் கொடுங்கள் என்று அவர் சொல்லியிருக்கலாம். யாரும் அவர் தலையை வாங்கியிருக்க மாட்டார்கள். ஆனால் வேறு எவனாவது எழுதினால் வெடுக்கென்று எழுதிவிடுவான், அக்கா மனம் நோகும், நானே எழுதினால் பூப்போல எழுதுவேன் என்று நினைத்தார். மெத்தப் படித்தவர்களுக்குத்தான் புத்தி இப்படியெல்லாம் போகும்.

அன்று முழுக்க உட்கார்ந்து எழுதினார். அம்மாவின் பொறுமையைப் பற்றி ஒரு பத்தி, ஒரு மகளின் துக்கத்தைப் பற்றி ஒரு பத்தி. மணியைப் பற்றியும் எழுதினார், அது அடிக்காமலே போயிருக்கலாம் என்று தோன்றுகிற மாதிரி. படித்துப் பார்த்த ஆஸ்பத்திரி வக்கீல், "படிக்கும்போதே கண்ல தண்ணி வருது சார். ஆனா ஒரு இடத்துலகூடப் பிடி கொடுக்கலையே, பிரமாதம்!" என்று கை குலுக்கினார். அந்தக் கணத்தில் வருத்தம் சாருக்கு உள்ளுக்குள் ஜிவ்வென்று இருந்தது. பின்னாட்களில் அவரை அரித்துத் தின்றது, எழுதிய பதிலைவிட அந்த ஜிவ்வென்ற சந்தோஷம்தான்.

பதில் போன பிறகு அக்கா வந்து சட்டையைப் பிடித்து உலுக்கப் போகிறாள் என்று பயந்துகொண்டே இருந்தார். அவளோ முன்னைவிடப் பிரியமாக நடந்துகொண்டாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. யாரைக் கொண்டு படித்தாள், என்ன புரிந்துகொண்டாள், ஒருவேளை மன்னித்தேவிட்டாளா? கேட்டால் தெரிந்துவிடும். கேட்டால் தெரிந்துவிடுமே என்றுதான் கேட்கவில்லை. வருஷங்கள் ஓடின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா தன் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். நாற்காலியில் உட்காரும் முன்பே பேச்சை ஆரம்பித்துவிட்டாள்.

"இவளுக்கு யுனிவர்சிட்டியில ரெண்டுலயும் இடம் கிடைச்சிருக்குடா. கணக்குலயும் இருக்கு, இங்கிலீஷ்லயும் இருக்கு. ஏதாவது ஒண்ணைச் சொல்லணுமாம். இவ இங்கிலீஷ்தான்னு ஒத்தைக்கால்ல நிக்கிறா. எனக்கும் அதான் ஆசை. அதுல என்னென்ன லாபம்னு உன் வாயாலயே சொல்லு, கேட்டுக்கட்டும்."

வருத்தம் சாருக்கு உற்சாகம் பொங்கியது. எந்த ஊருக்குப் போனாலும் பிழைத்துக்கொள்ளலாம் என்றார். நாலு பேர் எதிரில் நா குழறாமல் பேசலாம், எழுத்தைப் பார்த்தே எழுதியவன் மனதைப் படித்துவிடலாம், உலகத்தில் இருக்கிற புத்தகமெல்லாம் நமக்காகத் திறந்து கிடக்கும் என்று அடுக்கிக்கொண்டே போனார். அதில் பொய் ஒன்றும் இல்லை. அக்கா மகள் டீயை ஊதி ஊதிக் குடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அதெல்லாம் இருக்கட்டும்டா" என்று அக்கா குறுக்கே புகுந்தாள். "பெரிய லாபம் எதுன்னு நான் சொல்றேன் கேளு. அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி. நம்மளை மாதிரி ஆளைத் திரும்பிப் பார்ப்பானா? அப்படிப்பட்டவன் நம்ம அம்மா விஷயத்துல எங்க தப்புதான்னு எழுத்துல ஒத்துக்கிட்டானே! நீ உள்ள இருந்து மல்லுக்கட்டாம அது நடந்திருக்குமா? படிச்ச தம்பி ஒருத்தன் இருந்ததாலதானே அம்மாவுக்கு அந்த நியாயமாவது கிடைச்சுது. அந்தப் பேப்பரை இன்னும் பீரோவுல வச்சிருக்கேன்டா."

அவர் சட்டென்று அக்கா மகளைப் பார்த்தார். அவள் தலையை நிமிர்த்தவில்லை. அந்த நேரம் பார்த்து அவர் மனைவி, புதுத் தையல் மிஷினைக் காட்டுகிறேன் என்று அக்காவை உள்ளே அழைத்துப் போனாள். அக்கா மகள் எழுந்து பால்கனிக்குப் போனாள். அவரும் பின்னாலேயே போனார்.

"நான்தான் மாமா படிச்சுச் சொன்னேன்" என்றாள் அவள். "அப்போ ஸ்கூல்ல படிச்சுட்டிருந்தேன். டிக்ஷனரியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு உக்காந்தேன். எல்லா வார்த்தைக்கும் அர்த்தம் கிடைச்சுது. அம்மா கேட்டதுக்கு மட்டும் அதுல பதிலே இல்ல. ஒத்துக்கிட்டாங்களாடி, ஒத்துக்கிட்டாங்களாடின்னு அம்மா கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அவங்க முகத்தைப் பார்க்க முடியல. ஆமாம்மான்னு சொல்லிட்டேன்."

"அதை எழுதினது..."

"நீங்கதான்னு தெரியும் மாமா. அங்க வேற யாரு எழுதுவாங்க?"

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"இத்தனை வருஷமா அம்மாகிட்ட சொல்ல எனக்குத் தைரியம் வரல. நீங்களே சொல்லிடுங்க மாமா. தமிழ்ல, நேரா, ஒரே ஒரு தடவை. எனக்கு இங்கிலீஷ்னா உயிரு. ஆனா பயமாவும் இருக்கு. அதைப் படிச்சுப் படிச்சு நானும் அப்படி எழுதற ஆளா ஆயிடுவேனோன்னு. படிச்சாலும் நேராப் பேச முடியும்னு நீங்க காட்டிட்டீங்கன்னா எனக்குப் போதும்."

"சொல்றேன்மா. இப்பவே சொல்றேன்" என்றார். மனதாரத்தான் சொன்னார்.

கூடத்துக்கு வந்தபோது அக்கா உள்ளிருந்து திரும்பியிருந்தாள். நாற்காலி முதுகில் தொங்கிய அவர் சட்டையின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிக்கொண்டிருந்தாள். சுருக்கம் விழுந்த துணியைப் பார்த்தால் அவளுக்குக் கை சும்மா இருக்காது.

"அக்கா, அம்மா விஷயமா ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுடா."

சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் இருந்தது. அவங்க ஒத்துக்கலக்கா, ஒத்துக்காத மாதிரி எழுதிக் கொடுத்தது நான்தான். சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். அக்கா சட்டையைப் பிடித்தபடி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்தார். வாய் திறந்தது.

"அன்னைக்கு அப்படி நடந்திருக்கக் கூடாதுக்கா. இன்னும் கொஞ்சம் கவனிச்சிருக்கலாம். உன் மனசு என்ன பாடுபட்டிருக்கும்னு நெனச்சா எனக்கு இன்னும் தாங்கல."

சொல்லி முடித்த பிறகுதான் தன் காதிலேயே அது விழுந்தது. யார் கவனித்திருக்கலாம்? அதில் ஆஸ்பத்திரி இல்லை, அவரும் இல்லை. இத்தனை காலம் இங்கிலீஷில் செய்ததைத் தன் வீட்டுக் கூடத்தில், பெற்ற தாயைப் பற்றி, கூடப் பிறந்தவளிடம், தாய்மொழியிலேயே செய்துவிட்டார். அவமானம் காது மடல்வரை சுட்டது.

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. கிட்டே வந்து அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "உனக்குத்தான்டா எவ்வளவு பெரிய மனசு" என்றாள். அப்போதும் காலம் கடந்துவிடவில்லை. ஆனால் அவர் கையை உருவிக்கொள்ளவில்லை, வாயையும் திறக்கவில்லை.

அக்கா மகள் பால்கனிக் கதவருகே நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

"அம்மா, நான் கணக்கே எடுத்துக்கிறேன்."

"என்னடி திடீர்னு? வர்ற வழியெல்லாம் இங்கிலீஷ் இங்கிலீஷ்னு என் உயிரை வாங்கின! மாமாகிட்ட இன்னும் நல்லாக் கேளேன்."

"கேட்டேன்மா. மாமா சொல்லிட்டார்."