நாக்கில் பூட்டிய ஜெனரேட்டர்

ஆர்லோவின் ஜெனரேட்டரைத் திருடியவன் சங்கிலியை வெட்டவே இல்லை. நாலு போல்ட்டைக் கழற்றி, சங்கிலி கோத்திருந்த கைப்பிடியை மட்டும் முட்புதரடியில் போட்டுவிட்டு மெஷினைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். பூட்டு அப்படியே பூட்டியபடி கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தில் அவன் என் கையில் கிடைத்திருந்தால் கொன்றிருப்பேன். கடைசியில் நான் கொன்றது வேறு ஆளை.

ஆர்லோ நெப்ராஸ்காவில் முப்பத்தொரு வருஷம் தானியக் கிடங்கில் வேலை பார்த்தவன். அந்தத் தூசியெல்லாம் அவன் நெஞ்சுக்குள் தங்கிவிட்டது. ஊரின் குளிரில் மூச்சுவிட முடியாது என்று நவம்பர் பிறந்ததும் அவனும் அவன் மனைவி டொரீனும் குடியிருக்கிற டிரெய்லர் வண்டியை இழுத்துக்கொண்டு எங்கள் அரிசோனாப் பொட்டலுக்கு வந்துவிடுவார்கள். இங்கே கரன்ட் கிடையாது. கூரையிலிருந்த சோலார் தகடு விளக்குக்கும் தண்ணீர் பம்புக்கும்தான் காணும். படுத்தால் அவனுக்கு ஆக்ஸிஜன் மெஷின் வேண்டும், அந்த மெஷினுக்கு ஜெனரேட்டர் வேண்டும். அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டர் மூன்று மணி நேரம் தாங்கும், அவ்வளவுதான்.

அன்று இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பியபோதுதான் திருட்டு தெரிந்தது. நான் என் ஜெனரேட்டரைக் கொண்டுபோய் மாட்டி ஓடவிடும்வரை ஆர்லோ தன் பிக்கப் வண்டியின் முன்சீட்டில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உதடு நீலமாக இருந்தது. அப்போதும் வாய் சும்மா இருக்கவில்லை.

"வெர்ன், அந்தத் திருட்டுப்பயலுக்கும் நெஞ்சு சரியில்லையோ என்னவோ. பாவம்யா."

"வாயை மூடிட்டு மூச்சை விடுய்யா," என்றேன்.

நாலு நாள் கழித்துப் பழைய சிவப்பு ஜெனரேட்டர் ஒன்று கிடைத்தது. டொரீன் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "இதுவும் போச்சுன்னா அந்த மனுஷன் போயிடுவாரு வெர்ன். உங்களுக்கு இரும்பு வேலை தெரியும். யாராலயும் எடுக்க முடியாதபடி பண்ணிக் குடுங்க."

நாற்பது வருஷம் வெல்டிங் அடித்தவனிடம் இப்படிச் சொன்னால் தலைகால் புரியுமா? டிரெய்லருக்கு முன்னால் நீண்டு, இழுக்கும் வண்டியோடு கோத்துக்கொள்கிற முக்கோண இரும்புச் சட்டத்தை நாங்கள் நாக்கு என்போம். கேஸ் சிலிண்டர்களை அதில் முன்னால் நகர்த்தி, அவற்றுக்கும் டிரெய்லர் சுவருக்கும் நடுவில் கனமான தட்டு ஒன்றைப் பற்றவைத்தேன். குனிந்து கையை நுழைக்கக்கூடத் திருடனுக்கு இடமில்லை. ஜெனரேட்டரின் அடிச்சட்டத்தைத் தட்டோடு சேர்த்து ஆறு போல்ட், மேலே குறுக்காக ஒரு இரும்புப் பட்டை. நட்டுகள் சாதாரண நட்டு இல்லை. முறுக்கி முடித்ததும் தலை தானாக ஒடிந்து விழுந்துவிடும், அப்புறம் எந்த ஸ்பேனருக்கும் பிடி கிடைக்காது.

ஆர்லோ மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். "நாக்குல பாரம் ஏறுதேய்யா. என் வண்டி தாங்குமா?"

"உன்னையே தாங்குது. இது நூறு பவுண்டுதான்."

"சரி, ஜெனரேட்டரை ஓட்டும்போது எறக்கித் தள்ளி வைக்கணுமே. எப்பிடிக் கழட்டுறது?"

"கழட்டவே முடியாது. அதுக்குத்தானே இவ்வளவு பாடு. இரும்பறுக்கிற கிரைண்டர் வெச்சு ரெண்டு மணி நேரம் அறுத்தாத்தான் வரும். எந்தத் திருடன்யா ரெண்டு மணி நேரம் நிப்பான்?"

"அப்ப பொகை?"

"பாலைவனத்துல காத்துக்கா பஞ்சம்? அது பாட்டுக்கு அடிச்சுட்டுப் போயிடும்."

பொட்டலில் ஜெனரேட்டரை எட்ட வைத்துத்தான் ஓட்ட வேண்டும் என்பது முதல் குளிர்காலம் வந்தவனுக்குக்கூடத் தெரியும். எனக்கு முதுகு நன்றாக இருப்பதால் என்னுடையதை ஐம்பது அடி தள்ளிப் புதருக்குப் பின்னால் வைத்து ஓட்டி, சாயங்காலம் தூக்கிவந்துவிடுவேன். ஆர்லோவால் காபிக் கெட்டிலையே தூக்க முடியாது. டொரீனுக்குத் தோள்பட்டை போய்விட்டது. அவளுக்கு எட்டும்படி சுவிட்சும் இழுகயிறும் வெளிப்பக்கம் வரவேண்டும் என்றாள், திருப்பி வைத்தேன். அப்படித் திருப்பியதில் புகைக்குழாய் சுவரைப் பார்த்துக்கொண்டது. சுவரின் அடியில் சாமான் வைக்கிற சின்னக் கதவு. மெஷினுக்கான ஒயரை அதன் வழியாகத்தான் உள்ளே விட்டோம். ஒயர் இடித்ததால் கதவு ஒரு விரற்கடை திறந்தே கிடந்தது. அதற்கு நேர் மேலே ஆர்லோவின் கட்டில். இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். நான் திருடனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் ஒரு குறையும் இல்லை. மேற்கேயிருந்து காற்று அடித்துப் புகையைக் கொண்டுபோனது. பக்கத்து டிரெய்லர்காரர்கள் வந்து என் வேலையைப் பார்த்து, தங்களுக்கும் செய்து தரச் சொன்னார்கள். நானும் மார்பை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

புதன் ராத்திரி காற்று அடங்கிப்போனது. வியாழக்கிழமை காலை டொரீன் கையில் விஷவாயு அலாரத்தோடு வந்தாள். ஒரு கையளவு வெள்ளைப் பெட்டி, எஞ்சின் புகையில் மணமில்லாமல் வருகிற விஷவாயு உள்ளே சேர்ந்தால் கத்துவது.

"இது கத்திட்டே இருக்கு வெர்ன். நாலு நாலா கத்துது. கதவைத் திறந்தா நிக்குது."

வாங்கித் திருப்பிப் பார்த்தேன். பின்னால் அச்சிட்டிருந்த தேதி முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. "கெழடாயிடுச்சு. ஏழு வருஷத்துல இதுங்க இப்பிடித்தான் ஒப்பாரி வைக்கும்."

"சாகப்போற பேட்டரி ஒத்தை ஒத்தையாத்தானே கத்தும்? இது நாலு நாலா..."

"நாலோ நாப்பதோ, பழசு பழசுதாம்மா." பேட்டரியைப் பிடுங்கி அவள் கையில் கொடுத்தேன். "டவுனுக்குப் போறப்ப புதுசு ஒண்ணு வாங்கிக்க."

இந்த இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். என் கட்டைவிரலால், ஒரு நொடியில், அந்தப் பேட்டரியை எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை காற்று திரும்பி, வடக்கே நீண்டிருந்த நாக்கின் பக்கமிருந்து டிரெய்லரைப் பார்த்து அடித்தது. நாலடி தள்ளி நிற்பவன் முகம் தெரியாத அளவுக்குப் புழுதி. எல்லோரும் ஜன்னலைச் சாத்திக்கொண்டோம். டொரீன் பதினோரு மணிக்கு ஜெனரேட்டரை ஓடவிட்டு, ஆர்லோவுக்கு மூக்குக்குழாயை மாட்டிப் படுக்கவைத்துவிட்டு, துணி துவைக்கவும் தண்ணீர் பிடிக்கவும் டவுனுக்குப் போனாள். நான் என் டிரெய்லருக்குள் பீன்ஸைச் சூடுபண்ணித் தின்றுகொண்டிருந்தேன். புழுதிக்கு நடுவிலும் அந்தச் சிவப்பு மெஷினின் சத்தம் சீராகக் கேட்டது. நல்லா ஓடுது என்று எனக்குள் திருப்தி.

இரண்டு மணிக்கு அவள் பிக்கப்பின் ஹாரன் விடாமல் அலறியது. ஓடினேன்.

உள்ளே நுழைந்ததும் எனக்குத் தலை கிறுகிறுத்தது. ஆர்லோ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். மூக்கில் குழாய் இருந்தது. ஆக்ஸிஜன் மெஷின் தலைமாட்டில் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவனைத் தோளில் பிடித்து இழுத்து வெளியே மணலில் கிடத்தினேன். கன்னமெல்லாம் சிவந்து, வெயிலில் நன்றாக நடந்துவிட்டு வந்தவன் மாதிரி இருந்தான். எனக்குத் தெரிந்து அவன் முகத்தில் அவ்வளவு ரத்தம் ஓடியதே இல்லை. அந்த விஷவாயு ஆளை இப்படிச் சிவக்கவைத்துத்தான் கொல்லும். நெஞ்சை அழுத்தினேன், வாயில் ஊதினேன், கெட்ட வார்த்தையில் திட்டிக் கூப்பிட்டேன். உடம்பு ஆறிப்போயிருந்தது.

டொரீன் அழவில்லை. பிக்கப்பின் சீட்டிலிருந்து கடைப்பையை எடுத்துவந்து என் பக்கத்தில் வைத்தாள். உள்ளே புது அலாரம், அட்டைப்பெட்டி பிரிக்காமல்.

"நாலு நாலா கத்துச்சுன்னு சொன்னேனே வெர்ன்," என்றாள்.

ஷெரிஃப் ஆபீசிலிருந்து வந்த பெண் போலீஸ் டிரெய்லரின் நாக்கைச் சுற்றி நடந்து, குழாயையும் கதவு இடுக்கையும் படம் எடுத்துக்கொண்டாள். "இதை இங்க மாட்டினது யாரு?"

"நான்தாங்க."

எழுதிக்கொண்டாள். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டு, நாலு அறை விட்டிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் டிரெய்லரை இழுத்துப் போக டொரீனின் தம்பி நெப்ராஸ்காவிலிருந்து வந்திருந்தான். அவள் என் கதவைத் தட்டினாள்.

"அதை வெச்சுக்கிட்டு நான் ஊருக்குப் போகமாட்டேன். எடுங்க."

கிரைண்டரை எடுத்துக்கொண்டு போனேன். அதற்குக் கரன்ட் வேண்டுமே. என் ஜெனரேட்டரை ஓடவிட்டு, நீள ஒயரைப் பொட்டலின் குறுக்கே இழுத்துவந்து மாட்டினேன். ஒவ்வொரு போல்ட்டாக அறுத்தேன். சக்கரம் தேயத் தேய மாற்றினேன். வெல்டிங்கில் ஓர் இடத்தில்கூடக் குறை வைத்திருக்கவில்லை, பாவி நான். டொரீன் ஆர்லோவின் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். திருடனுக்கு நான் குறித்துவைத்த அதே இரண்டு மணி நேரம் ஆயிற்று.

கடைசிப் பட்டை விழுந்ததும் ஜெனரேட்டரை இரண்டு கையாலும் தூக்கி நிமிர்ந்தேன்.

"எங்க வைக்கட்டும்மா?"

டொரீன் எழுந்து, தரையில் கிடந்த என் ஒயரைப் பார்த்தாள். அது போன திசையிலேயே பார்வையை ஓட்டினாள்.

"உங்களோடது எங்க நிக்குதோ, அங்க கொண்டுபோய் வைங்க."

தூக்கிக்கொண்டு நடந்தேன். ஐம்பது அடி தள்ளி, புதருக்குப் பின்னால் என் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. எட்டு வருஷமாக அது அங்கேதான் ஓடுகிறது.