அவர் தலை, என் உடம்பு

மதுரை வில்லாபுரத்தில் கொஞ்ச காலம் செத்துப்போன ஆண்களுக்கெல்லாம் என் உடம்புதான். பெருமைக்காகச் சொல்லவில்லை. 2003-ல் எங்கள் 'கிரி டிஜிட்டல்' கடைக்கு வருகிறவர்கள் இறந்தவரின் பழைய படம் ஒன்றைக் கொடுத்து, அவரைக் குடும்பத்தோடு சேர்த்து வைத்துத் தரச் சொல்வார்கள். முகம் நன்றாக இருக்கும், சட்டை கிழிந்திருக்கும். அதற்காகவே என் கல்யாண வரவேற்புக் கோட்டைப் போட்டு, ஒரு நாற்காலியின் முதுகில் இடது கையை வைத்தபடி நின்று ஒரு படம் எடுத்து வைத்திருந்தேன். போட்டோஷாப்பில் என் தலையை எடுத்துவிட்டு அவர்கள் தலையை வைத்தால் வேலை முடிந்தது. பின்னால் போட சுவிட்சர்லாந்து மலை, அரண்மனைப் படிக்கட்டு என்று நாற்பது பின்னணிகள் இருந்தன. ஊரில் எத்தனை சுவரில் மாலையோடு தொங்குகிறீர்கள் என்று என் மனைவி சீதாலட்சுமி எங்கள் சௌராஷ்டிர மொழியில் கேலி செய்வாள்.

ராமக்காள் தன் மகள் பவதாரிணியோடு ஒரு புதன்கிழமை வந்தார். அவனியாபுரத்துக்குத் தெற்கே ஒரு கிராமம். அம்மாவுக்கு நடவு, களையெடுப்பு என்று வயல் வேலை. மகளுக்குக் கப்பலூரில் ஒரு கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மகளுக்குக் கல்யாணம். அப்பா சங்கிலி அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டார். அப்பாவும் மகளும் சேர்ந்து இருக்கும் படம் ஒன்றுகூடக் கிடையாது. மண்டப வாசலில் அப்படி ஒரு படம் இருக்க வேண்டும், மாப்பிள்ளை வீட்டார் உள்ளே வரும்போது அவர் அங்கே நிற்க வேண்டும். இதுதான் அந்த அம்மாவின் ஆசை.

கொண்டுவந்த படத்தை நான்காக மடித்து, முகம் மட்டும் தெரிகிறமாதிரி கையில் பிடித்திருந்தார். விரிக்கப் போனேன். வேண்டாம், தலை போதும் என்றார். மாப்பிள்ளை வீட்டார் மற்றதைப் பார்க்கவே கூடாது என்றும் சொன்னார். எனக்கும் தலைதான் வேண்டும். மடித்தபடியே ஸ்கேன் செய்துகொண்டு திருப்பிக் கொடுத்தேன். அம்மாவையும் மகளையும் நாற்காலியில் உட்காரவைத்துத் தனித்தனியாகப் படம் எடுத்துக்கொண்டு அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை மதியம் ராமக்காள் மட்டும் வந்தார். என் வேலையைத் திரையில் காட்டினேன். அரண்மனைப் படிக்கட்டு, கோட்டுப் போட்ட சங்கிலி, ஒரு பக்கம் மகள். இன்னொரு பக்கம் நாற்காலியில் ராமக்காள், அவர் தோளில் கணவரின் கை. பாராட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார். படத்தில் இல்லை, நேரில்.

"இது யாரு கை தம்பி?"

நான் மழுப்பினேன். எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள், இது மாதிரிக்கு வைத்திருக்கும் உடம்பு என்றேன். அவர் திரையில் இருந்த கையைப் பார்த்தார். பிறகு கீபோர்டின் மேல் இருந்த என் இடது கையைப் பார்த்தார். இரண்டிலும் அதே வெள்ளைக்கல் மோதிரம். ஒவ்வொரு முறையும் அழித்துவிடும் மோதிரத்தை இந்தத் தடவை மறந்து தொலைத்திருந்தேன்.

"அவருக்கு இந்தக் கையில நாலு வெரலுதான். கதிரறுப்புல போச்சு. ஊராளு ஒருத்தரு ஒடம்பைக் காட்டி, இதான் ஒங்கப்பான்னு எம்மகட்ட எப்படித் தம்பி சொல்லுவேன்?"

எனக்குக் கோபம் வந்தது. ஊரே ஒத்துக்கொண்டதை இந்த அம்மா மட்டும் ஏன் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும்? அடுத்த நொடியே திரையில் என் கை இன்னும் அவர் தோளில் இருப்பதைப் பார்த்தேன். கூசிப்போய்விட்டது. சட்டென்று அந்தக் கோப்பை மூடினேன். சங்கிலியின் சொந்த உடம்பு வேண்டுமென்றால் முழுப் படமும் வேண்டும் என்றேன். தயங்கித் தயங்கிப் பையிலிருந்து படத்தை எடுத்து, அவரே மடிப்பைப் பிரித்துக் கொடுத்தார்.

முழுதாக ஸ்கேன் செய்தபோதுதான் அது என்ன படம் என்று தெரிந்தது. நெல் அடிக்கும் களம். நடுவில் நாற்காலி போட்டு நிலத்துக்காரர் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் சங்கிலி, வெற்றுடம்போடு, இடுப்பில் துண்டு கட்டி, குனிந்து அவருக்குக் குடை பிடித்துக்கொண்டிருக்கிறார். குடைக் கம்பைச் சுற்றி நாலு விரல். முதலாளியின் மகன் கேமரா வாங்கிவந்து எடுத்ததாம். சங்கிலியின் உருவம் உலகத்தில் அந்த ஒரு தாளில்தான் இருந்தது.

"அதான் மடிச்சே வச்சிருந்தேன்" என்றார் ராமக்காள்.

நான் திரையில் நிலத்துக்காரரைச் சுற்றிக் கோடு இழுத்து அழித்தேன். நாற்காலியோடு போய்விட்டார். அந்த இடத்தில் வெள்ளையாக ஓர் ஓட்டை. அதற்கு மேலே சங்கிலி குனிந்து குடை பிடித்தபடியே நின்றார். அடுத்து குடையை எடுத்துவிடலாம் என்று மவுஸை நகர்த்தினேன். ராமக்காள் என்னைத் தடுத்தார்.

"குடை இருக்கட்டும். அந்த எடத்துல எம் மகளை உக்கார வைங்க தம்பி."

புதன்கிழமை எடுத்த பவதாரிணியின் படத்தை நாற்காலியோடு இழுத்து, அளவைச் சுருக்கி, ஓட்டையில் வைத்தேன். சங்கிலியை நான் தொடவே இல்லை. ஆனாலும் அவர் வேறு ஆளாகத் தெரிந்தார். அதே குனிவுதான். மகள் முகத்தில் வெயில் படுகிறதா என்று பார்க்கக் குனிந்த அப்பா மாதிரி இருந்தது.

பழக்க தோஷத்தில், பின்னால் மலை போடவா, மாளிகை போடவா என்று கேட்டேன்.

"அந்தக் களமே இருக்கட்டும். வெயிலு இருந்தாத்தான குடை புடிக்க முடியும்."

சனிக்கிழமை முழுக்க அந்த ஒரு படத்தோடுதான் மல்லுக்கட்டினேன். பழைய படத்தின் நிறத்துக்குத் தக்கபடி மகளின் சேலையை வெளுக்க வைத்தேன். குடையின் நிழல் அவள் நெற்றியிலிருந்து மடிவரை விழ வேண்டும். ஸ்டுடியோ விளக்கில் எடுத்த முகத்தில் வெயில் நிழலைக் கொண்டுவருவதற்குள் உயிர் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை நானே படத்தைக் கொண்டுபோய் மண்டப வாசலில் வைத்தேன். வைத்துவிட்டு நிம்மதியாக நிற்க முடியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் படத்தைச் சுற்றி நின்றார்கள். அந்த நேரம் பார்த்து, ராமக்காளின் ஊர்க்காரர் ஆண்டிச்சாமி வந்து படத்தை உற்றுப் பார்த்தார்.

"ஏய், இது நம்ம சங்கிலி மொதலாளிக்குக் குடை புடிச்ச படம்ல?"

மாப்பிள்ளையின் அப்பா திரும்பி ராமக்காளைப் பார்த்தார். மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போல எனக்கு இருந்தது. ராமக்காள் தலைகுனிவார் என்று நினைத்தேன். அவர் படத்தின் பக்கத்தில் போய் நின்றார்.

"ஆமாண்ணே, அதே படந்தேன். அன்னைக்கு ஆளு மாறிப் புடிச்சுட்டாரு. இன்னைக்குத்தேன் அவரு மகளுக்குப் புடிக்கிறாரு."

யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா மெதுவாகத் தலையாட்டினார். பிறகு தன் மகனைக் கூப்பிட்டு, உள்ளே போவதற்கு முன்னால் மாமனாரைக் கும்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்.