ஆட்டுச் சத்தம் சேர்த்த தாலாட்டு

செல்லூர் தறிப்பட்டறையில் பக்கத்தில் நிற்பவளைக் கூப்பிடவே தொண்டை கிழியக் கத்த வேண்டும். வருசக்கணக்கில் அப்படிக் கத்திப் பழகிய தமிழ்ச்செல்வி, ஆசைக்கு ஒரு பாட்டுப் பதியப் போன ரெக்கார்டிங் அறையிலும் அதே சத்தத்தில்தான் பாடித் தொலைத்தாள். மகள் பவதாரிணியைத் தொட்டிலில் போட்டுப் பாடிய பாட்டு. மேலே இழுத்த இடத்தில் குரல் உடைந்துபோனது. "இது சும்மா டெஸ்ட்டுதான்க்கா, பெறகு நல்லா எடுப்போம்" என்றான் ஸ்டுடியோ செல்வக்குமார். கேடுகெட்டவன், உடைந்த இடத்தில் ஆட்டுச் சத்தத்தைச் சேர்த்து அதையே யூடியூபில் ஏற்றிவிட்டான்.

ஊரே சிரித்தது. டீக்கடை, ஷேர் ஆட்டோ, கல்யாண மண்டபம், எங்கே போனாலும் அந்தப் பாட்டுத்தான். செல்ஃபி எடுக்க ஆட்கள் வந்தபோது முதலில் அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பவதாரிணியைக் கண்டாலே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஆடு மாதிரி கத்துகிறார்கள் என்று தெரிந்த அன்றைக்குத்தான் வயிறு எரிந்தது.

"இனிமே அந்தப் பாட்ட வீட்ல பாடாதம்மா" என்றாள் மகள்.

நேரே ஸ்டுடியோவுக்குப் போனாள். "அத அழிச்சிட்டு ஒழுங்கா ஒரு தடவ எடுடா."

"நல்லாப் பாடுனா எவன்க்கா கேப்பான்? சரி, திருப்பரங்குன்றத்துல ஒரு காதுகுத்து இருக்கு. வந்து பாடுக்கா, அங்கயே எடுத்துப் போட்டுருவோம்."

நம்பிப் போனாள். மேடையில் தாய்மாமன் மடியில் குழந்தை வீரிட்டு அழுதுகொண்டிருந்தது. தமிழ்ச்செல்வி மைக்கை வாங்கி, தொட்டில் பக்கத்தில் பாடுவதுபோல் மெல்லப் பாடினாள். குரல் எங்குமே உடையவில்லை. குழந்தை அழுகையை நிறுத்தி அவள் வாயையே பார்த்தது.

"ஆடு எங்கக்கா?" என்று ஒருவன் கத்தினான். கூட்டம் விசிலடித்தது. செல்வக்குமார் அவள் மைக்கை அணைத்துவிட்டுப் பழைய ரெக்கார்டைப் போட்டான். ஸ்பீக்கர் அலறியது. குழந்தை மறுபடியும் வீரிட்டது.

அவளுக்கு மைக் எதற்கு?

"நிறுத்துங்கடா! இது எம்புள்ளயத் தூங்கவச்ச பாட்டு. இம்புட்டுப் பேருல ஒருத்தனையும் பெத்தவ தொட்டில்ல போட்டு ஆட்டலையா? வெக்கமா இல்ல?"

தறிச் சத்தத்தையே அடக்கிய குரல். அடுத்த நொடியே மண்டபத்தில் வரிசை வரிசையாக போன்கள் உயர்ந்தன.

"சூப்பர்க்கா!" செல்வக்குமாருக்கு முகமெல்லாம் பல். "இன்னொரு தடவ திட்டுக்கா, இந்தப் பக்கம் பாத்து."

அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். வாய்விட்டுத் திட்டக்கூட வழியில்லாமல் செய்துவிட்டார்களே என்று நினைத்தபோதுதான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதையும் எடுத்தார்கள்.