கோமளம் மன்னித்த படம்

கிணற்றிலிருந்து எழுந்து வருகிறாள் கோமளம், ஈரப் புடவை தரையில் இழுபட, கூந்தலுக்குள் ஒரு கண் மட்டும் தெரிய, தன்னைத் தள்ளிக் கொன்ற புருஷனின் கட்டிலை நோக்கி நடக்கிறாள், தியேட்டரே அலறுகிறது, பக்கத்தில் அம்மா மட்டும் அலறாமல், நட, நடடி என்று வாய்க்குள் முணுமுணுக்கிறாள், அது முதல் பாகம், அக்கா செண்பகவல்லி புகுந்த வீட்டில் வெந்து செத்த வருஷம், ஸ்டவ் வெடித்தது என்று அத்தான் சொன்னதைப் போலீசும் நம்பிவிட்ட வருஷம், முடங்கிக் கிடந்த அம்மாவை என்ன கதையென்று தெரியாமல்தான் கோவில்பட்டிக்குக் கூட்டிப்போனேன், வெளியே வந்ததும், எம் மவளுக்கு இப்படி வரத் தெரியலியே என்றாள், அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

இரண்டாம் பாகம் வந்தபோது அத்தானுக்கு மறுகல்யாணம் ஆகியிருந்தது, படத்தில் கோமளம் மாமியாரைத் தேடிப் போனாள், காது கிழியும் சத்தம், காரணமில்லாமல் அறைந்து சாத்திக்கொள்ளும் கதவுகள், முதல் படத்தின் அமைதி இல்லை, ஆனாலும் அவள் கோபம் குறையவில்லை, எங்களுக்கு அது போதும், அதற்குப் பிறகு என் கனவில் கிணற்றிலிருந்து அக்காதான் எழுந்து வருகிறாள், ஈரமில்லை, கருகல் வாடை, எங்கள் வாசல்வரை வந்து நிற்கிறாள், இங்கே ஏன் வருகிறாய், அங்கே போ என்று கத்திக்கொண்டே விழிக்கிறேன்.

இப்போது மூன்றாம் பாகம், கோமளம் சமையலறை ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஒளிகிறாள், பூசாரியிடம் விளக்குமாற்றடி வாங்குகிறாள், எல்லாரும் சிரிக்கிறார்கள், சிரித்துத் தொலையட்டும், கடைசியில், இரண்டு பாகத்திலும் அவளிடமிருந்து தப்பிய அந்தப் புருஷன் ஒரே ஒரு சொட்டுக் கண்ணீர் விடுகிறான், உடனே இவள் அவன் காலைத் தொட்டு, நானும் வாயாடியாத்தானே இருந்தேன், உங்க மேல தப்பில்லைங்க என்கிறாள், வெளிச்சமாகிக் கரைகிறாள், கைதட்டுகிறார்கள், படம் எடுத்தவர்களே, யாரைக் கேட்டு மன்னித்தீர்கள், செத்தவள் வாயில் இந்தப் பேச்சை வைக்க எவன் உங்களுக்கு உரிமை கொடுத்தான், அம்மா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி விளக்கு எரியும்வரை அசையவில்லை.

வாசலில் விமர்சனம் கேட்டு மைக்கோடு நின்ற பெண் அம்மாவை மறித்து, பாட்டி, மொத ரெண்டு பாகத்தோட பாத்தா இது எப்படி இருக்கு என்றாள், வாம்மா என்று கையை இழுத்தேன், அம்மா நகரவில்லை, அந்த ரெண்டுலயும் அவ ஒரு தாய் பெத்த மகளா இருந்தா, இதுல அவனுக்குப் பொண்டாட்டியாவே ஆயிட்டா என்றாள், அந்தப் பெண் புரியாமல் சிரித்தாள், அம்மா மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள், எம் மவ பேரு செண்பகவல்லி, எரிச்சிக் கொன்னுட்டாங்க, அவ மன்னிக்கல, இதப் போடு. சிரிப்பு நின்றது, அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், தாழ்ந்த குரலில், போடவாக்கா என்றாள், வெட்டாமப் போடு என்றேன், பிறகு மைக்கைக் கையில் வாங்கி, இத்தனை வருஷமும் வீட்டுக்குள்கூடச் சொல்லப் பயந்த அத்தானின் பேரை, ஊரோடும் தகப்பன் பேரோடும் சேர்த்து, நிதானமாகச் சொன்னேன்.